லாரி மாடலில் கண்ணாடிப் பளபளப்பு வரவில்லையா? குறையைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

கார் மாடலுக்கு ஸ்பிரே அடித்துப் பழகியவர்கள்கூட முதல் லாரியில் திணறுவார்கள். கார் பாடி முழுக்க வளைவு, சின்னக் குறைகள் அதில் கண்ணுக்குத் தப்பிவிடும். நிஜ வண்டியில் 24-ல் அல்லது 25-ல் ஒரு பங்காக (1/24, 1/25) வரும் பிளாஸ்டிக் லாரி மாடல் அப்படி இல்லை. கேபினின் பக்கவாட்டு, படுக்கைப் பெட்டி, கூரைமேல் நிற்கும் காற்றுத் தடுப்பு எல்லாமே பெரிய தட்டைப் பரப்புகள். போதாததற்கு வரிசை வரிசையாக ரிவெட், கதவுக் கீல், படிக்கட்டு, பிடிகம்பி என்று பெயிண்ட் தேங்க நூறு இடம். ஆனால் நன்றாக வந்த லாரி கேபினைப் போல அழகான மாடல் வேறு இல்லை என்பது என் எண்ணம். அதனால் இதற்காகச் செலவழிக்கும் நேரம் வீண் இல்லை.

ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பு பெயிண்ட் டப்பாவிலிருந்து மட்டும் வருவதில்லை. பரப்பு எவ்வளவு மட்டமாக இருக்கிறதோ அவ்வளவுதான் ஒளி நேராகத் திரும்பும். பிளாஸ்டிக், பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), நிறம், கிளியர் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) என்று நான்கு அடுக்கு இருக்கிறது. குறை எந்த அடுக்கில் தொடங்கியது என்று தெரியாமல் மேலே இன்னொரு கோட் அடித்தால், அந்தக் குறை இன்னும் பெரிதாகத்தான் தெரியும்.

பார்க்கும் முறை இதுதான். ஒரு டியூப்லைட்டின் பிம்பம் கேபின் பக்கவாட்டில் விழும்படி பிடியுங்கள். பிம்பத்தின் நடுவைப் பார்க்காதீர்கள், அதன் ஓரக்கோட்டைப் பாருங்கள். கோடு நெளிந்தால் பரப்பு மேடு பள்ளமாக இருக்கிறது. கோடு நேராக இருந்தும் முழுவதும் பனி மூட்டம்போல இருந்தால் ஈரப்பதமோ உலர்ந்த தூவலோ காரணம். கோடு கூர்மையாக இருந்து அங்கங்கே மட்டும் உடைந்தால் தூசி அல்லது குழி. பெயிண்ட் நன்றாகக் காயும்வரை விரலை மட்டும் வைக்காதீர்கள்.

ஆரஞ்சுப் பழத்தோல் போலப் புள்ளி புள்ளியாக நெளிகிறது

அதிகம் பேரைப் படுத்துவது இதுதான். துளிகள் பரப்பில் விழுந்த பிறகு ஒன்றோடொன்று கலந்து மட்டமாவதற்குள் காய்ந்துவிடுகின்றன. தூரம் அதிகமாக இருக்கலாம், டப்பா குளிர்ந்திருக்கலாம், கோட் மிக மெல்லியதாக இருக்கலாம்.

முதலில் டப்பாவைக் கவனியுங்கள். கை பொறுக்கும் சூடுள்ள தண்ணீரில், சுமார் 40 டிகிரி, ஐந்து முதல் பத்து நிமிடம் நிற்க வையுங்கள். உள்ளே அழுத்தம் கூடும், பெயிண்ட் இளகும், துளி பொடிதாகும். அடுப்பில், நெருப்பில், கொதிக்கும் நீரில் ஒருபோதும் வைக்கக் கூடாது. டப்பா வெடித்துவிடும். அப்புறம் உள்ளே இருக்கும் குண்டு கடகடவென்று ஓடத் தொடங்கிய பிறகும் முழுதாக இரண்டு நிமிடம் குலுக்குங்கள். அடித்துக்கொண்டே இருந்தால் டப்பா தானாகக் குளிரும், ஏனென்றால் உள்ளிருக்கும் உந்துவாயு ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. அதனால் பெரிய கேபின் என்றால் இடையிலே ஒருமுறை மறுபடி வெந்நீரில் வைத்துத் துடைத்துவிட்டு எடுங்கள். டப்பாவின் அடியில் ஒட்டிய ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மாடல் மேல் விழக் கூடாது.

பிறகு தூரம். முதல் ஓரிரு கோட்டை 25 செ.மீ. தள்ளி மெல்லத் தூவுங்கள், அது பிடிமானத்துக்கு. பளபளப்பு தருவது கடைசியில் அடிக்கும் ஈரக் கோட்தான். அதற்கு 15 முதல் 20 செ.மீ. வரை நெருங்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் பரப்பு ஒரு நொடி நனைந்த கண்ணாடி மாதிரி மாறும். கை நகரும் வேகத்தை அந்தக் காட்சியை வைத்துத்தான் பழக வேண்டும். இதை எழுத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது. நாலைந்து பிளாஸ்டிக் ஸ்பூன்களின் முதுகில் அடித்துப் பாருங்கள், கை தானாகப் பிடித்துக்கொள்ளும்.

ஏற்கெனவே தோல் விழுந்துவிட்டதா? நிறக் கோட்டில் என்றால் நன்றாகக் காயவிட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடக் கூட மென்மையாகும்) தண்ணீரில் நனைத்து, ஒரு தட்டையான ரப்பர் துண்டில் சுற்றித் தேயுங்கள். பளபளக்கும் புள்ளிகள் எல்லாம் மறைந்து முழுவதும் ஒரே மங்கலாக வந்ததும் நிறுத்திவிட்டு, இன்னொரு ஈரக் கோட். இந்தத் தேய்ப்பு மெட்டாலிக் நிறத்துக்கு ஆகாது, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். கிளியரில் என்றால் தேய்த்துவிட்டு நேராகப் பாலிஷுக்குப் போகலாம். ஆனால் அதற்கு முன் பிரைமரை நினைத்துப் பாருங்கள். பிரைமர் அன்றே சொரசொரப்பாக இருந்து, நீங்கள் அதைத் தேய்க்காமல் விட்டிருந்தால், இப்போது தெரிவது அந்தப் பிரைமரின் தோல்தான். பிரைமரை 1000 அல்லது 1500 நம்பரில் தேய்த்து மட்டம் செய்யும் அரை மணி நேரம் பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

சில இடத்தில் மட்டும் சுண்ணாம்புத் தூள் மாதிரி சொரசொரப்பு

கண்ணாடிக்கு மேலே உள்ள நிழல்தட்டின் அடி, கூரையும் காற்றுத் தடுப்பும் சேரும் மூலை, மட்கார்டு உள்வளைவு. பெரும்பாலும் இங்கேதான் வரும். வேறு பக்கம் அடித்த பெயிண்ட் காற்றிலேயே பாதி காய்ந்து இங்கே வந்து படிந்திருக்கிறது. அடிக்கும் வரிசையை மாற்றினால் போதும். மூலைகள், இடுக்குகள், அடிப்பக்கம் முதலில். அடுத்துப் பக்கவாட்டுகள். கூரையும் பானெட்டின் மேற்புறமும் கடைசியில், ஏனென்றால் மேலே பார்த்திருக்கும் பரப்பில்தான் தூள் வந்து உட்காரும். காற்றுத் தடுப்பைத் தனியாக அடித்துப் பிறகு ஒட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

வழிந்து கண்ணீர்க் கோடு இறங்கிவிட்டது

இப்போதுதான் வழிகிறது, இன்னும் ஈரம் என்றால் உடனே அந்தப் பக்கம் மேலே பார்க்கும்படி கேபினைப் படுக்க வையுங்கள். பல நேரம் தானாகப் பரவி மட்டமாகிவிடும். துணியால் துடைக்காதீர்கள், விரலால் தள்ளாதீர்கள்.

காய்ந்த பிறகு பார்த்திருந்தால், அவசரப்படாமல் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். வழிசல் தடிமனாக இருப்பதால் மேலே தோல் காய்ந்தாலும் உள்ளே கொழகொழவென்றுதான் இருக்கும். சீக்கிரம் தேய்த்தால் பிய்ந்து வந்துவிடும். காய்ந்தபின் 1000 நம்பர், சின்னக் கட்டையில் சுற்றி வழிசலின் முகட்டை மட்டும் இறக்குங்கள். பிறகு 2000.

காரணம் பெரும்பாலும் கை நின்றுவிடுவதுதான். பட்டனை மாடலுக்கு வெளியே அழுத்தி, மாடலைக் கடந்த பிறகு விட வேண்டும். கேபின் பக்கவாட்டு நீளமாக இருப்பதால் பாதியில் கை தயங்குகிறது, அங்கேதான் வழியும். ரிவெட், கீலைச் சுற்றித் தேங்கினால் ஈரக் கோட்டை ஒன்றாக அடிக்காமல் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டாகப் பிரித்து அடியுங்கள். பிடிகம்பி, பக்கக் கண்ணாடி, ஹாரன் எல்லாம் பெயிண்ட் முடிந்த பிறகு மாட்டுங்கள்.

பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது

லாக்கர் என்பது சீக்கிரம் காயும் வகைப் பெயிண்ட். அதன் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்த ஈரம் பனித்துளியாக ஈரப் பெயிண்டில் இறங்கி மாட்டிக்கொள்கிறது. மழை நாளிலும் இரவு குளிரத் தொடங்கும் நேரத்திலும் வரும் வினை இது. ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது அடிப்பது என் வழக்கம். ஒரு ஈரப்பதமானி வாங்கி வைத்துக்கொண்டால் ஊகிக்க வேண்டியதில்லை.

வந்துவிட்டால் பயப்பட வேண்டாம், இது திரும்பப் பெறக்கூடிய குறை. வறண்ட நாள் வரும்வரை காத்திருந்து அதே வகைக் கிளியரை ஒரு ஈரக் கோட் அடித்தால், மேல் அடுக்கு இளகி ஈரம் வெளியேறி நிறம் தெளியும்.

சின்னச் சின்னக் குழி, நடுவில் அடிப்பரப்பு தெரிகிறது

மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக இருக்கும். அந்த இடத்தில் எண்ணெயோ சிலிக்கோனோ இருக்கிறது, பெயிண்ட் விலகி ஓடுகிறது. கண்டவுடன் நிறுத்துங்கள். கனமாக அடித்து மூடிவிடலாம் என்று தோன்றும், ஆனால் குழியும் மூடாது, சுற்றிலும் வழியும்.

எனக்கு ஒரு நீலக் கேபினில் கதவுக்கு மேலே ஒரே இடத்தில் மூன்று முறை குழி விழுந்தது. மூன்று முறையும் தேய்த்து, கழுவி, மறுபடி அடித்தேன். கடைசியில்தான் புரிந்தது. கழுவிய பிறகு கேபினைத் தாங்கியில் மாட்டும்போது ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலை அதே இடத்தில் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து கழுவும் முன்பே தாங்கியை உட்புறமாகப் பொருத்திவிடுகிறேன். கழுவியதிலிருந்து கடைசிக் கோட் வரை வெளிப்பரப்பைத் தொடுவதே இல்லை.

பாகங்கள் அச்சிலிருந்து எளிதில் கழன்று வர உற்பத்தியில் தடவும் பொருள் மேலே ஒட்டியிருக்கலாம். அதனால் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, வெதுவெதுப்பான நீரில், பழைய டூத்பிரஷால் எல்லாப் பாகத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். நன்றாக அலசிக் காற்றில் காயவிடுங்கள். வெறும் பிளாஸ்டிக்கை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைக்கலாம். பெயிண்ட் அடித்த பரப்பில் அது வேண்டாம், புது லாக்கரை அது இளக்கிவிடும். அங்கே சோப்புத் தண்ணீர் போதும். சிலிக்கோன் கலந்த மெருகு ஸ்பிரே எதையும் பெயிண்ட் அடிக்கும் அறையில் திறக்காதீர்கள்.

பெயிண்ட் சுருங்கி முடிச்சு முடிச்சாகிவிட்டது

இரண்டு பெயிண்ட் ஒத்துப்போகவில்லை என்று பொருள். எனாமல் (மெல்லக் காயும் வகைப் பெயிண்ட்) மேலே லாக்கர் அடித்தால் லாக்கரின் காரமான கரைப்பான் எனாமலைத் தூக்கிவிடும். லாக்கர் மேலே எனாமல் அடிக்கலாம், பிரச்சினை இல்லை. ஒரே எனாமலிலும் இது வரும். முதல் கோட் பாதி காய்ந்த நிலையில் இரண்டாவது கோட் விழுந்தால் சுருங்கிவிடும். எவ்வளவு நேரத்துக்குள் அடுத்த கோட் அடிக்க வேண்டும், தவறினால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும், படித்துவிட்டு அடியுங்கள். சுருக்கத்தைத் தேய்த்துச் சரி செய்ய முடிவது அரிது. பெரும்பாலும் முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

இதைப் போலவே தோன்றும் வேறொன்று இருக்கிறது, மயிரிழை விரிசல்கள். நிஜ வண்டிக்கான ஸ்பிரேயை வெறும் பாலிஸ்டைரீன் (மாடல் வார்க்கும் பிளாஸ்டிக்) மேல் நேராக அடித்தால் கரைப்பான் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். அப்போது விரிசல் பெயிண்டில் இருக்காது, பிளாஸ்டிக்கில் இருக்கும். எவ்வளவு கோட் அடித்தாலும் மேலே வந்துகொண்டே இருக்கும். விரிசல் மறையும்வரை தேய்த்து, மாடலுக்கென்றே வரும் பிரைமரைப் பல மெல்லிய கோட்டாக அடித்துத் தடுப்புப் போட வேண்டும். புதிதாக வாங்கும் எந்த ஸ்பிரேயையும் கேபினின் உட்புறத்திலோ பாகங்களைத் தாங்கி வரும் சட்டத்திலோ சோதித்துவிட்டுத்தான் வெளியே அடிப்பது.

வெள்ளை லாரி ரோஸ் நிறமாகிறது, மஞ்சள் லாரியின் விளிம்பு கறுத்துத் தெரிகிறது

சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த பாகத்தின் மேல் வெள்ளை அடித்தால் சாயம் கசிந்து மேலே வரும். அடுத்த நாள்தான் தெரியும். நிறத்துக்கு முன் ஒரு வெள்ளி கோட் அடித்தால் அது தடுப்பாக நிற்கும்.

விளிம்பு விஷயம் வேறு. பெயிண்ட் கூர்மையான விளிம்பிலிருந்து தானாகவே விலகும். கதவு ஓரத்தையும் கூரை ஓரத்தையும் 1500 நம்பரில் ஒரு தடவை லேசாக இழுத்து முனையை மழுக்கிவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்றுக்கும் சாம்பல் பிரைமர் வேண்டாம், வெள்ளைப் பிரைமர்தான் சரி.

தூசி, முடி

ஈரத்தில் ஒரு முடி விழுந்து அதன் நுனி வெளியே நின்றால் ஊசிமுனை இடுக்கியால் மெல்ல எடுக்கலாம். முழுக்கப் படிந்துவிட்டால் விடுங்கள், காய்ந்த பிறகு 2000 நம்பரில் போய்விடும். தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பது, அடித்தவுடன் மாடல் மேல் சுத்தமான காலிப் பெட்டியைக் கவிழ்த்து மூடுவது, நூல் உதிராத சட்டை, இவை போதும். லாக்கர் அடிக்கிற நாளில் தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளியுங்கள், மேலே சொன்ன வெளுப்பை நினைவில் வைத்து.

மெட்டாலிக் நிறத்தில் திட்டுத் திட்டாக மேகம்

மெட்டாலிக் துகள்கள் ஈரத்தில் நீந்தி ஒரு பக்கம் குவிந்துவிட்டன. மெட்டாலிக்குக்கு ஈரக் கோட் வேண்டாம். மிதமான கோட்டுகள், கடைசியாக ஒன்று 30 செ.மீ. தள்ளி மெல்லத் தூவியது. பளபளப்பு முழுவதையும் கிளியர்தான் தர வேண்டும். மெட்டாலிக் நிறத்தையே தேய்த்துப் பாலிஷ் போட்டால் துகள்கள் வெட்டுப்பட்டு அங்கே கறை மாதிரி நிற்கும்.

லாரியில் இன்னொரு சிக்கல் உண்டு. கேபின், பானெட், படுக்கைப் பெட்டி மூன்றும் தனித்தனிப் பாகம். மூன்றையும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு கோணத்தில் வைத்து அடித்தால், பொருத்திய பிறகு மூன்றும் மூன்று நிறமாகத் தெரியும். வண்டியில் எப்படி நிற்குமோ அதே நிலையில் மூன்றையும் வரிசையாக நிற்க வைத்து, ஒரே நாளில், ஒரே டப்பாவில் அடியுங்கள்.

அடித்த அன்று கண்ணாடி, ஒரு வாரத்தில் மங்கல்

கரைப்பான் உள்ளே மாட்டிக்கொண்டு மெல்ல வெளியேறுகிறது. பெயிண்ட் படலம் வற்றி, அடியில் உள்ள கீறல்களோடு சேர்ந்து படிகிறது. பட்டி போட்ட இடத்தின் ஓரமும் இப்படித்தான் சில நாள் கழித்துக் கோடாக எட்டிப் பார்க்கும், பட்டி முழுதாகக் காயாமல் அடித்திருந்தால். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்கும் உள்ளே காய்ந்துவிட்டது என்பதற்கும் நிறைய தூரம். மூக்கை அருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பெயிண்ட் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. நான் லாக்கருக்கு ஒரு வாரமும் எனாமலுக்குக் குறைந்தது மூன்று வாரமும் விடுகிறேன். உணவு உலர்த்தும் மின்பெட்டி இருந்தால் 40 டிகிரியில் வைத்து வேகப்படுத்தலாம், அதற்குமேல் ஏற்றினால் மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். அந்தப் பெட்டியை மறுபடி உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது.

பாலிஷ் போட்ட பிறகு கீறல், விளிம்பில் பிரைமர் தெரிகிறது

3000 நம்பர் வரை போகாமல் நேராகக் காம்பவுண்டுக்கு (பாலிஷ் போடும் பசை) வந்தால் வட்டக் கீறல் நிற்கும். 2000, 3000, பிறகு கரடுக் காம்பவுண்ட், நடுத்தரம், மென்மையானது என்று படிப்படியாக வாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் துணியை மாற்றிவிடுங்கள். பழைய துணியில் ஒட்டிய ஒரு கரட்டுத் துகள் போதும், எல்லாம் வீண். விளிம்புகளிலும் ரிவெட் வரிசை மேலும் முதலில் மெல்லிய மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தட்டைப் பரப்பைத் தேயுங்கள். விளிம்பில் எப்போதும் பெயிண்ட் மெல்லியது, நாலு இழுப்பிலேயே போய்விடும். மோட்டார் கருவி வேண்டாம், அதன் உராய்வுச் சூட்டில் பெயிண்ட் உருகும். கோடுகளுக்குள் தங்கிய வெள்ளைக் காம்பவுண்டைச் சோப்புத் தண்ணீரும் டூத்பிரஷும் எடுத்துவிடும்.

டெகால் (பெயர், சின்னம் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டி அதன்மேல் கிளியர் அடிப்பவர்கள் முதல் இரண்டு கோட்டைத் தூவலாக மட்டும் அடிக்க வேண்டும். நேராக ஈரக் கோட் விழுந்தால் டெகால் சுருங்கிவிடும்.

எதுவும் சரிவரவில்லை, முழுவதும் எடுக்க வேண்டும்

பல லாக்கர்களை 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் ஊற வைத்தால் இளகிவிடும், பிரஷால் தேய்த்து எடுக்கலாம். எனாமலுக்கு வண்டியின் பிரேக் திரவம் வேலை செய்யும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அசிட்டோனையும் லாக்கர் தின்னரையும் கிட்டேயே கொண்டுவரக் கூடாது, கேபினே கரைந்துவிடும். குரோம் பூசிய பாகங்களை இந்தத் தொட்டியில் போடாமல் தனியே வையுங்கள்.

அடிக்கும்போது கார்பன் வடிகட்டி உள்ள முகமூடி கட்டாயம். சாதாரணத் துணி, தூசி முகமூடிகள் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. கெட்டிப்படுத்தி கலந்து அடிக்கும் இரட்டைக் கூறு கிளியர் அற்புதமான பளபளப்புத் தரும். ஆனால் அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. சரியான சுவாசப் பாதுகாப்பும் காற்றை வெளியேற்றும் அறையும் இல்லாத வீட்டில் அதைத் திறக்கவே வேண்டாம். மேலே சொன்ன சாதாரண லாக்கர் கிளியரும் ஒரு வாரக் காத்திருப்பும் பாலிஷும் சேர்ந்தாலே டியூப்லைட்டின் ஓரக்கோடு கேபினில் நேராக நிற்கும்.